ஒன்று முதல் இருநூறு வரை: சென்னையின் வார்டு வேட்பாளர்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் முதல் வார்டு வடகோடியில், எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய கத்திவாக்கத்தில் இருக்கிறது. இருநூறாவது வார்டு தென்கோடியில், பழைய மாமல்லபுரம் சாலையோரத்துச் செம்மஞ்சேரி. இரண்டுக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சாலை, சுமார் 61 லட்சம் வாக்காளர்கள். 2022 பிப்ரவரி 19 அன்று இந்த இருநூறு வார்டுகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. மனுக்கள் பரிசீலிக்கப்பட்டு, திரும்பப் பெறுவோர் பெற்றுக்கொண்ட பிறகு களத்தில் நின்றவர்கள் 2,670 பேர். வார்டுக்குச் சராசரியாகப் பதின்மூன்று பேர். சட்டமன்ற வேட்பாளரைச் சுவரொட்டியில் பார்த்துப் பழகிய நகரத்தில், இவர்களைப் பால் வாங்கப் போகிற வழியிலேயே பார்க்க முடிந்தது. வடக்கிலிருந்து தெற்காக ஒருமுறை நகரத்தைக் கடந்தால், இந்தப் பதவிக்கு யார் நிற்கிறார்கள், எதைச் சொல்லி வாக்குக் கேட்கிறார்கள், வென்றபின் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்பவை ஒவ்வொன்றாகத் துலங்கும்.

கும்மிடிப்பூண்டி மின்ரயில் தடத்தில் கத்திவாக்கம் சிறிய நிலையம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தொழிற்சாலைக் குழாய்கள். கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011 வரை தனித்தனி நகராட்சிகள். அந்த ஆண்டு சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னையோடு இணைந்தன. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது; 155 வார்டுகள் 200 ஆயின. கத்திவாக்கத்தில் நகராட்சி மன்றமே கூடிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களிடம், நகரத்தின் இருநூறில் ஒரு பங்கு உங்களுடையது என்று சொல்லி வாக்குக் கேட்பது எளிதான வேலையாக இருந்திருக்காது.

இங்கே வேட்பாளரிடம் முதலில் வந்து விழும் கேள்வி காற்றையும் ஆற்றையும் பற்றியது. கொசஸ்தலை ஆற்றில் படியும் சாம்பல், வலையில் மீனோடு ஏறிவரும் சேறு, இரவில் மூக்கைத் துளைக்கும் வாடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகத்துக்குள் புகுந்ததும், அதே மாதக் கடைசியில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியதும் தேர்தலுக்குப் பின்னால் நடந்தவை. அச்சம் முன்பே இருந்தது. ஆனால் தொழிற்சாலைப் புகையைக் கேட்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆற்றைத் தூர்வார வேண்டியது நீர்வளத்துறை. வார்டு உறுப்பினருக்கு இரண்டிலும் அதிகாரம் கிடையாது.

அதிகாரம் இல்லாதவற்றின் பட்டியல் இதோடு நிற்பதில்லை. குடிநீரும் கழிவுநீரும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்சாரம் மின்வாரியத்துக்கு, ரேஷன் அட்டை உணவுத்துறைக்கு, முதியோர் உதவித்தொகை வருவாய்த்துறைக்கு, அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு. மாநகராட்சிக்கு மிஞ்சுபவை தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கொசு ஒழிப்பு, பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்துவரி. அம்மா உணவகமும் மாநகராட்சியினுடையதே. இவ்வளவுதான் என்று வேட்பாளர் யாரும் வாசலில் நின்று சொல்வதில்லை. குழாயில் சாக்கடை கலந்து வருகிறது என்று ஒரு பெண் குடத்தைச் சாய்த்துக் காட்டும்போது, "அது வாரியத்தோட வேலைம்மா" என்று சொன்னவர் அந்தத் தெருவில் மறுபடி கால் வைக்க முடியாது. "நான் பேசுறேன்" என்பதுதான் வார்டு தேர்தலின் நிரந்தர வாக்குறுதி. உண்மையில் அதிகாரியிடம் பேசி வேலையை நடத்திக் காட்டும் ஆளைத்தான் வாக்காளரும் தேடுகிறார். சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்த வேலைக்குத்தான் தேர்தல் நடக்கிறது என்று சொன்னாலும் தவறில்லை.

கத்திவாக்கத்துக்குத் தெற்கே விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ரயில் உண்டு. திருவொற்றியூர், தேரடி, காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி என்று மேலே மிதந்து போகும் தடம், தண்டையார்பேட்டைக்கு வருவதற்குள் நிலத்தடியில் இறங்கிவிடுகிறது. மேலே இருப்பது நகரத்தின் மிகப் பழைய வார்டு அரசியல். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைகளும் ராயபுரத்துச் சந்துகளும் கட்சிகளுக்குத் தொண்டர்களை அள்ளித் தந்த இடங்கள்.

திராவிடக் கட்சிகளின் அமைப்பில் வார்டு என்பது 'வட்டம்'. அதற்கு ஒரு வட்டச் செயலாளர், பல வட்டங்களுக்கு மேல் ஒரு பகுதிச் செயலாளர், அவருக்கு மேல் மாவட்டம். கவுன்சிலர் சீட்டு என்பது வட்டச் செயலாளரின் இயல்பான ஆசை. பத்திருபது வருடம் கொடி கட்டியவர், பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்த்தவர், தெருவில் ஒரு சாவு என்றால் முதலில் போய் நிற்பவர் அவர். விருப்ப மனு கட்டணத்தோடு தலைமைக்குப் போகும், நேர்காணல் நடக்கும், கடைசியில் பட்டியல் வரும்போது வார்டு கூட்டணிக் கட்சிக்குப் போயிருக்கலாம், அல்லது பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். முதல் வகையில் சிலர் சுயேச்சையாக மனுப்போட்டுப் 'போட்டி வேட்பாளர்' ஆகிவிடுவார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி மனுவைத் திரும்பப் பெற வைப்பதே பகுதிச் செயலாளருக்குப் பெரும்பாடு. இரண்டாவது வகையில் மனைவி, மகள், மருமகள் என்று வீட்டுக்குள்ளிருந்தே ஒரு பெயர் வரும்.

மனு தாக்கலுக்கான நிபந்தனைகள் கடினமானவை அல்ல. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்; மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்; காப்புத்தொகை 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் வாக்கில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. கட்சி வேட்பாளருக்குச் சின்னம் கையோடு வரும். சுயேச்சைக்கு ஒதுக்கீட்டு நாளன்று கிடைப்பதுதான் சின்னம். அதை அச்சடித்து, தெருவில் அறிமுகம் செய்து, வாக்குப்பதிவு இயந்திரத்தில் பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு நடுவே வாக்காளரின் விரல் அதைத் தேடிப்பிடிக்கும்படி செய்ய அவருக்கு இருந்தது பத்தே நாள் அவகாசம். பிப்ரவரி 7 அன்று மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்தது. 17 மாலையோடு பிரச்சாரம் ஓய்ந்தது.

கொரோனா மூன்றாம் அலை அடங்கிக்கொண்டிருந்த நேரம். ஊர்வலங்களுக்கும் வாகனப் பேரணிகளுக்கும் தடை, முதல்வர் மு.க. ஸ்டாலின் காணொலி வழியாகவே பிரச்சாரம் செய்தார். வார்டு வேட்பாளருக்கு இந்தக் கட்டுப்பாடு பெரிய இழப்பாகத் தெரியவில்லை. அவருடைய பிரச்சாரமே நடைதான். காலை ஆறரைக்கு டீக்கடை, ஏழு மணிக்கு மார்க்கெட், பிறகு தெருத்தெருவாக. முன்னால் நாலு பேர் நோட்டீஸ் கொடுத்துப் போவார்கள். ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி. நடுவில் கட்சித் துண்டோடு கும்பிட்டபடி வேட்பாளர். இஸ்திரிக் கடையைப் பார்த்தால் பெட்டியை வாங்கிச் சட்டை தேய்ப்பதும், தள்ளுவண்டியில் தோசை ஊற்றுவதும், பரோட்டாவுக்கு மாவு வீசுவதும் செய்தித்தாள் படத்துக்காகவே நடக்கிற காரியங்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே நகர்ந்து நிற்பார். அவர் கண் மட்டும் கல்லில் கருகும் தோசையின் மேல் இருக்கும்.

ஆரத்தி வேறு வகை. சந்து முனையில் ஏழெட்டுப் பெண்கள் தட்டோடு தயாராக நிற்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு நீர், நடுவில் வெற்றிலையின் மேல் ஒரு கற்பூரம். வேட்பாளர் வந்ததும் மூன்று சுற்று, நெற்றியில் ஒரு பொட்டு. வேட்பாளரின் கை தட்டுக்குப் போகாது. அவர் கும்பிட்டபடி அடுத்த தட்டுக்கு நகர்ந்துவிடுவார். பின்னாலேயே வரும் ஒருவர், யாரும் பார்க்காததுபோல, எல்லாரும் பார்க்க, மடித்த நோட்டைத் தட்டின் அடியில் வைத்துவிட்டுப் போவார். அதே பெண்கள் அரைமணி கழித்து அடுத்த கட்சிக்கும் அதே தட்டோடு நிற்பதைக் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வந்தவருக்கு மரியாதை, நின்றவருக்குக் கூலி.

இதைவிடக் கவனமான வேலை கட்சியின் தற்காலிக அலுவலகத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே நடக்கிறது. மேஜை மேல் வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஒருவர் பொறுப்பு. பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சில் குறிகள்: இறந்தவர், வீடு மாறிப் போனவர், வெளிநாட்டில் இருப்பவர், நம்மவர், எதிராளி, இழுபறி. குடும்பத்தில் எத்தனை வாக்கு என்று ஓரத்தில் ஓர் எண். மொத்தப் பிரச்சாரமும் இந்த இழுபறிக் குறிக்காரர்களின் வாசலை நோக்கித்தான் திருப்பப்படும். கடைசி இரண்டு இரவுகளில் நடக்கும் பணப் பட்டுவாடாவுக்கும் இதே பட்டியல்தான் வழிகாட்டி. பறக்கும் படைகள் தேடி அலைவதும் இந்தப் பட்டுவாடாவைத்தான்.

வண்ணாரப்பேட்டை 51-வது வார்டின் ஒரு சாவடியில் வாக்குப்பதிவு முறையாக நடக்காததால் பிப்ரவரி 21 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. தென்பகுதியில் 179-வது வார்டிலும் ஒரு சாவடிக்கு அதே கதி: பெசன்ட் நகர் ஓடைக்குப்பத்தில் இயந்திரமே உடைக்கப்பட்டிருந்தது. 5,794 சாவடிகள் கொண்ட நகரத்தில் இரண்டு என்பது சிறிய எண்ணிக்கை. ஆனால் சில நூறு வாக்கில் முடிவு மாறிவிடக்கூடிய வார்டுகளில் ஒரு சாவடியைக் குலைப்பதன் பயன் என்ன என்பது செய்தவர்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் எதிரில் வெள்ளை மாளிகையாக ரிப்பன் கட்டடம். 2,670 பேரும் நுழைய ஆசைப்பட்ட மன்றம் இந்த வளாகத்தில் கூடுகிறது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்துச் சாசனப்படி 1688-இல் தோன்றிய மாநகராட்சி, 1913-இல் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தது. வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ், கட்டிய ஒப்பந்ததாரர் லோகநாத முதலியார், செலவு ஏழரை லட்சம் ரூபாய். உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும் என்று 1882-இல் தீர்மானம் கொண்டுவந்த வைசிராய் ரிப்பனின் பெயரை அதற்கு வைத்தது பொருத்தம்தான்.

இந்த மன்றத்துக்கு வந்தவர்களின் வரிசை பெரியது. நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தர மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. 1939-இல் மேயரான எஸ். சத்தியமூர்த்தி நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தார். 1945-இல் என். சிவராஜ் மேயரானார். 1959-இல் தி.மு.க. மாநகராட்சியைப் பிடித்து அ.பொ. அரசுவை மேயராக்கியது, எட்டே ஆண்டுகளில் கோட்டையைப் பிடிக்கப்போகும் கட்சிக்குத் தலைநகரில் கிடைத்த முதல் நாற்காலி அதுதான். வார்டு தேர்தலைச் சின்னத் தேர்தல் என்று எந்தக் கட்சித் தலைமையும் நினைக்காததற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

ஆனாலும் தேர்தலே நடக்காத காலங்களும் நீளமானவை. 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல். இடையில் ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் யாரென்று தெரியாமல் வளர்ந்து வாக்காளரானது. 1996-இலும் 2001-இலும் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இருமுறையும் வென்றவர் ஸ்டாலின். 2006-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது, மேயரானவர் மா. சுப்பிரமணியன். 2011-இல் மறுபடி நேரடித் தேர்தல், வென்றவர் சைதை துரைசாமி. 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய, அதிலிருந்து ஐந்தாண்டுக்கு மேல் தனி அதிகாரியின் ஆட்சி. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று தள்ளிக்கொண்டே போன அந்தக் காலத்தில் கொரோனாவும் வந்து போனது. தெருவை அடைத்துத் தகரம் கட்டிய நாட்களில் கேட்பதற்கு ஒரு கவுன்சிலர் இல்லை. 1913 என்ற புகார் எண்தான் இருந்தது. 2019-இல் வந்த சட்டத்திருத்தத்தால் மேயர் தேர்வு மீண்டும் மறைமுகமானது. ஆகவே 2022-இல் ஒரு வாக்காளருக்கு ஒரே வாக்கு, வார்டு உறுப்பினருக்கு மட்டும். மேயர் வேட்பாளர் யார் என்பதைச் சொல்லாமலேயே கட்சிகள் வாக்குக் கேட்டன. சென்னை மேயர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், அந்தப் பிரிவில் நின்ற ஒவ்வொரு பெண் வேட்பாளரின் வார்டிலும் 'நம்ம அக்காதான் மேயர்' என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பேச்சு உண்மையான இடம் ரிப்பன் கட்டடத்திலிருந்து வடமேற்கே, திரு.வி.க. நகர் மண்டலத்தின் 74-வது வார்டு. அங்கே தி.மு.க. சார்பில் நின்று வென்ற ஆர். பிரியா, 28 வயதில், 2022 மார்ச் 4 அன்று மேயரானார். பட்டியல் இனத்திலிருந்து இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாவது பெண் மேயர். அங்கிருந்து மேற்கே வில்லிவாக்கத்தில் 98-வது வார்டு: மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் வேட்பாளர் பிரியதர்ஷினி 21 வயதில் வென்றார். மனுப்போடச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வயது அதுதான்.

உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்குப் பாதி என்பது 2016-இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. அதன் விளைவை இந்தத் தெருக்களில் இரண்டு விதமாகவும் பார்க்கலாம். பல சுவரொட்டிகளில் வேட்பாளரின் படத்தைவிடக் கணவரின் படம் பெரிது. பெயருக்கு முன்னால் அவருடைய கட்சிப் பதவி. வீடு வீடாகப் பேசுவதும் அவரே, மனைவி பக்கத்தில் கும்பிட்டபடி நிற்பார். வென்றபின் அதிகாரிகளோடு நின்று வடிகால் பள்ளத்தை அளப்பவர் கணவர் என்ற புகாரும் நகரமெங்கும் உண்டு. முதல் மாதங்களிலேயே கட்சித் தலைமை இதைக் கண்டித்துப் பேச வேண்டி வந்தது. இன்னொரு பக்கம், அடுப்படி விஷயங்களான தண்ணீர் லாரியின் நேரம், கழிப்பறைக் கதவு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் எரியாத விளக்கு ஆகியவற்றைப் பெண் வாக்காளர்கள் ஆண் வேட்பாளரிடம் சொல்லாத நீளத்தில் ஒரு பெண்ணிடம் சொல்வதைக் கேட்கலாம். கணவரை முன்னால் விட்டவர்களிலும் சிலர் இரண்டாம் வருடத்தில் மன்றக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கப் பழகிக்கொண்டார்கள். இடஒதுக்கீடு வேலை செய்வது இந்த மெதுவான வேகத்தில்தான்.

தெற்கே தியாகராய நகரும் மேற்கு மாம்பலமும் வேறு உலகம். 2021 நவம்பர் 7 அன்று கொட்டிய மழையில் இந்தப் பகுதி நாட்கணக்கில் தண்ணீரில் நின்றது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதை பளபளத்த தெருக்களே முழங்கால் ஆழத்தில் கிடந்தன. மூன்று மாதத்தில் தேர்தல். மாம்பலம் கால்வாய் யார் ஆட்சியில் அடைபட்டது என்பதே இங்கே பிரச்சாரம். வெள்ளத் தடுப்புக்காக ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு அமைத்த குழுவின் பெயர் ஆளுங்கட்சி வேட்பாளர்களின் வாயில் அடிக்கடி வந்தது. முடிவில் மேற்கு மாம்பலத்தின் 134-வது வார்டில் பா.ஜ.க.வின் உமா ஆனந்தன் வென்றார். நகரம் முழுவதிலும் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது அந்த ஒரே வார்டு. தி.மு.க. 153, அ.தி.மு.க. 15, காங்கிரஸ் 13, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டும் விடுதலைச் சிறுத்தைகளும் தலா 4, ம.தி.மு.க. 2, இந்திய கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக், அ.ம.மு.க. தலா ஒன்று, சுயேச்சைகள் 5.

இந்த எண்களைவிட நகரத்தைப் பற்றி அதிகம் சொல்வது 43.59 என்ற இன்னொரு எண். சென்னையில் பதிவான வாக்குச் சதவீதம் அது. மாநில அளவில் 60.70, கரூர் மாநகராட்சியில் 75க்கும் மேல். பேரூராட்சிகளில் நால்வரில் மூவர் வாக்களித்த அதே நாளில் தலைநகரில் பாதிப்பேர்கூட வரவில்லை. அடுக்ககத்தில் குடியிருப்பவருக்குத் தண்ணீர் லாரி, குப்பை, விளக்கு எல்லாவற்றையும் குடியிருப்போர் சங்கம் பார்த்துக்கொள்கிறது. கவுன்சிலர் அவருக்குத் தேவைப்படுவதில்லை. காவலாளி உள்ளே விடாததால் வேட்பாளரும் வாசல் கேட்டிலேயே நோட்டீஸைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். வடசென்னையின் சந்தில் ஒரு வாக்கு என்பது நாளைக்கு ஒரு சான்றிதழுக்காக உரிமையோடு போய்க் கேட்க உதவும் உறவு. அந்த உறவு தேவையில்லாதவர்கள் சனிக்கிழமை வந்த அந்த விடுமுறையை வீட்டிலேயே கழித்தார்கள்.

மெட்ரோவின் தெற்கு முனை விமான நிலையம். அதற்கு முந்தைய நிறுத்தமான மீனம்பாக்கம் முன்பு தனிப் பேரூராட்சி. இப்போது ஆலந்தூர் மண்டலத்தின் 159-வது வார்டு. நிலத்தின் பெரும்பகுதி ஓடுபாதைக்கும் அரசு வளாகங்களுக்கும் போய்விட, மிஞ்சிய தெருக்களில் மூவாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். இருநூறில் மிகச் சிறிய வார்டு இது. மிகப் பெரியது கோடம்பாக்கம் மண்டலத்தின் 137-வது வார்டு. அங்கே 58 ஆயிரத்துக்கு மேல். இரண்டு உறுப்பினருக்கும் மன்றத்தில் ஒரே ஒரு வாக்கு. சென்னை வார்டு வேட்பாளர் செலவு செய்யலாம் என்று தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பும் ஒன்றே: 90,000 ரூபாய். மீனம்பாக்கத்தில் அது தலைக்குக் கிட்டத்தட்ட 29 ரூபாய். 137-இல் ஒன்றரை ரூபாய். ஆளுக்கொரு வண்ண நோட்டீஸ் அடிக்கவே சரியாகப் போய்விடும். கணக்குப் படிவத்தில் இருப்பதும் தெருவில் செலவானதும் ஒன்றுதான் என்று நம்புகிறவர் சென்னையில் யாரும் இருக்க முடியாது. இத்தனை செலவு செய்து வந்தவருக்குச் சம்பளமும் நெடுங்காலம் இல்லை, கூட்டப் படி மட்டுமே. 2023-இல்தான் மாநகராட்சி உறுப்பினர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் அறிவிக்கப்பட்டது. போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்ற கேள்விக்கு வார்டில் வீடு கட்டுகிறவர்களிடம், ஒப்பந்தக்காரர்களிடம், நடைபாதைக் கடைக்காரர்களிடம் விதவிதமான பதில்கள் கிடைக்கும்.

விமான நிலையத்திலிருந்து கிழக்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் பெருங்குடிக் குப்பைக் கிடங்கையும் கடந்துதான் பழைய மாமல்லபுரம் சாலைக்கு வர வேண்டும். கிடங்கை அகற்றுவோம் என்பது பல தேர்தல்களாக இந்தப் பக்கத்து வாக்குறுதி. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை தொடங்கப்பட்டது. சாலையின் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றில் வேலை செய்வோரில் பலருடைய வாக்கு வேறு ஊரில்.

செம்மஞ்சேரியில் நிலைமை தலைகீழ். சுனாமிக்குப் பின்னும், ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றியபோதும், நகரத்தின் நடுவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் இங்குள்ள அடுக்கு வீடுகளில் இருக்கின்றன. தொடக்க காலத்தில் இவர்களில் பலருடைய வாக்காளர் அட்டை பழைய முகவரியிலேயே இருந்தது. பெயரை இங்கே மாற்றித் தருவதே வார்டு அரசியலில் கால் வைக்க ஒரு வழியாக இருந்தது. அந்த வேலையைச் செய்து கொடுத்தவர்கள் நாளைய வேட்பாளர்கள் ஆனார்கள். மழை வந்தால் சுற்றியிருக்கும் ஏரிகளின் உபரிநீர் தரைத்தள வீடுகளுக்குள் வந்துவிடும். 200-வது வார்டில் எல்லாக் கட்சிகளும் தந்த முதல் வாக்குறுதி வடிகால். தெருவோர வடிகாலைக் கவுன்சிலர் கேட்டு வாங்கலாம். அது போய்ச் சேர வேண்டிய கால்வாய் நீர்வளத்துறையுடையது. வீடுகள் வாழ்விட வாரியத்துடையவை. கத்திவாக்கத்தில் இருந்த அதே முடிச்சுதான். ஆனால் இங்கே குடியிருப்பவர்கள் வாக்களிக்க வருகிறார்கள், வென்றவரின் வீட்டு வாசலிலும் காலையிலேயே வந்து நிற்கிறார்கள். ஒவ்வொரு வார்டிலும் மக்கள் நேரில் கேள்வி கேட்கப் பகுதி சபைகள் கூட வேண்டும் என்ற ஏற்பாடும் 2022 நவம்பர் முதல் இருக்கிறது. அது முறையாகக் கூடாத வார்டுகளில் இந்த வாசல்தான் சபை.

செம்மஞ்சேரியும் 2011 வரை ஒரு கிராம ஊராட்சி. சாலையில் அடுத்த ஊரான நாவலூர் அப்போது இணைக்கப்படாமல் ஊராட்சியாகவே நின்றது. எல்லைப் பலகையைத் தாண்டியதும் கட்சிச் சின்னங்களின் இடத்தில் பூட்டு, சாவி, கைஉருளை. ஊராட்சித் தலைவருக்கும் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்தத் தேர்தல் 2021 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளோடு ஒன்றியக் குழுவுக்கும் மாவட்டக் குழுவுக்கும் சேர்த்து ஒரு வாக்காளருக்கு நான்கு வாக்குகள். ஊராட்சித் தலைவரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.